இரண்டு ஸ்ட்ரைக்குக்கு மேல் எண்ணாத பந்துகள்

எங்கள் பேஸ்பால் அம்பயர்களின் வாட்ஸாப் குழுவில், புதிதாகத் தேர்வானவர் ஒருவர் போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். இப்போது ஸ்கோர் எழுதுவது போனில்தான். ஃபவுல் என்று அழுத்தினால் ஆப் ஒரு ஸ்ட்ரைக் ஏற்றுகிறது. மறுபடி அழுத்தினால் இன்னொன்று. மூன்றாவது முறை அழுத்தினால் அசையாமல் நிற்கிறது. போன் கெட்டுவிட்டதோ என்று மனிதர் இரண்டு தடவை அணைத்துப் போட்டிருக்கிறார். "மாஷே, ரெண்டுக்கு மேல ஏன் எண்ண மாட்டேங்குது?" என்று என்னைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார்.

ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். நான் எழுதி எழுதி அழிப்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு வரியில் அடங்காது. அடக்கினாலும் அது பதிலாக இருக்காது.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் பி.டி. மாஷாக, அதாவது விளையாட்டு வாத்தியாராக இருந்தவன். ஐம்பத்தாறு வயதானதும் சர்க்கார் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியது. மற்றவர்களுக்கு முதுகு வலியோ மூட்டு வலியோ ஓய்வுக் காலத் துணையாக வரும். எனக்கு வேலை செய்த காலம் முழுக்கத் துணை இருந்தது பயம். பயம் வந்தால் என் வலது காது சூடாகும், இடது முழங்கால் தானாகத் தாளம் போடும். வகுப்பில் அதை மறைக்க மேசை இருந்தது. மைதானத்தில் என்ன இருக்கிறது? பேஸ்பாலில் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் நிற்கும் அம்பயருக்கு முகமூடியும் மார்க்கவசமும் முழங்கால் கவசமும் தருகிறார்கள் என்று தெரிந்த அன்றே, இது எனக்காகவே கண்டுபிடித்த விளையாட்டு என்று சேர்ந்துவிட்டேன்.

பயிற்சி திருச்சூரில் நடந்தது. மலையாளத்தில் வகுப்பு, இங்கிலீஷில் புத்தகம், தமிழில் தலை. எப்படியோ பாஸாகி, சோப்பு வில்லை அளவு இண்டிகேட்டர் ஒன்றோடு ஊர் வந்தேன். இடது கைக்குள் அடங்கும் சாதனம் அது. அதில் மூன்று சக்கரங்கள்: பிட்சர் எறிந்த பந்து தப்பான இடத்தில் வந்தால் 'பால்', சரியான இடத்தில் வந்தோ, வீசியும் படாமலோ போனால் 'ஸ்ட்ரைக்', பிறகு 'அவுட்'. கட்டைவிரலால் சக்கரத்தைத் தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கே எனக்குக் கட்டைவிரல் வியர்க்கும்.

முதல் ஆட்டம் அகளியில், ஒரு உபஜில்லா காயிகமேளாவில், அதாவது வட்டார விளையாட்டு விழாவில். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு என் தலைக்கு மேல் பின்னால் பறந்து, வேலியைத் தாண்டி, கட்டியிருந்த ஒரு மாட்டின் மேல் விழுந்தது. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த கூட்டம் கை தட்டியது. நானும் கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவன். இரண்டு கையையும் தூக்கி சிக்ஸர் கொடுத்தேன்.

அப்போது தலைமை அம்பயராக வந்திருந்தவர் தங்கராஜ் சார். மூணாறு எஸ்டேட் ஒன்றில் பிறந்து, அங்கேயே படித்து, உடற்கல்வி இயக்குநராக ஓய்வு பெற்றவர். பின்வலைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெயிலானாலும் மஞ்சு என்கிற மூடுபனியானாலும் குடை விரித்து உட்கார்ந்திருப்பார். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால் மறந்துவிடலாம். அவர் கேள்விதான் கேட்பார். அன்றைக்கும் மெல்ல எழுந்து வந்தார். என் தூக்கிய கைகள் இன்னும் இறங்கவில்லை. பக்கத்தில் நின்று, "எத்தனை ரன்னுவே குடுத்திருக்கீரு?" என்றார். ஆறு என்று சொல்லும் அளவுக்கு நான் கலங்கியிருந்தேன். தலையை ஆட்டிவிட்டு, "மாட்டுக்காரன்ட்ட கையெழுத்து வாங்கிக்கிடும்" என்று சொல்லி, திரும்பிப் போய்க் குடைக்குள் உட்கார்ந்துகொண்டார்.

அன்று இரவு உட்கார்ந்து ஃபவுலை நெட்டுருப் போட்டேன். அடிப்பவர் நிற்கும் இடமான வீட்டுத்தட்டிலிருந்து இரண்டு பக்கமும் விரிந்து போகும் சுண்ணாம்புக் கோடுகளுக்கு வெளியே போகும் பந்து ஃபவுல். கோட்டிலேயே விழுந்தால் ஃபவுல் இல்லை, அது உள்ளே. முதல் ஃபவுல் ஒரு ஸ்ட்ரைக். இரண்டாவது இன்னொரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். ஆனால் மூன்றாவதை ஃபவுலால் வாங்க முடியாது. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு எத்தனை ஃபவுல் அடித்தாலும் கணக்கு அங்கேயே நிற்கும். ஸ்கோரர் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைப்பார், பிட்சரின் கை எத்தனை பந்து எறிந்தது என்று தெரிவதற்காக. அம்பயரின் சக்கரம் அசையக் கூடாது. ஃபவுல் தரை தொடுமுன் யாராவது பிடித்தால் அவுட். மட்டையில் உரசி நேரே கேட்சரின் கையுறைக்குள் போய் நின்றால் அது ஸ்ட்ரைக்.

இன்னும் ஒரு விலக்கு உண்டு. மட்டையை வீசாமல், சும்மா நீட்டிப் பிடித்துப் பந்தை அதில் மோதவிடுவதற்கு 'பன்ட்' என்று பெயர். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பன்ட் ஃபவுலானால், அது மூன்றாவது ஸ்ட்ரைக். போய் உட்கார வேண்டியதுதான். இந்த விலக்கு இல்லாவிட்டால், தொடத் தெரிந்த ஒருத்தி விளக்கு வைக்கும் நேரம் வரை பந்துகளைத் தொட்டுத் தொட்டு வெளியே தள்ளிக்கொண்டே நிற்கலாம்.

அப்படி ஒருத்தி வந்தாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட் மைதானத்தில் பெண்கள் ஆட்டம். எங்கள் பாலக்காட்டுப் பள்ளி ஒன்றும் அந்த எஸ்டேட் பள்ளியும் மோதின. ஜெயிக்கிற டீம் மாநிலப் போட்டிக்குப் போகும். பாலக்காட்டுக்காரன் பாலக்காட்டு ஆட்டத்துக்கு அம்பயரா என்று கேட்கலாம். கேரளத்தில் பேஸ்பால் அம்பயர்களை ஒரு ஜீப்பில் ஏற்றிவிடலாம், பின் சீட்டில் இடமும் மிஞ்சும். தங்கராஜ் சார் சீட்டுக் குலுக்கிப் போட்டார். வீட்டுத்தட்டு எனக்கு விழுந்தது.

காலையில் பால் விடாத கட்டஞ்சாயா குடிக்கும்போது எஸ்டேட் டீமின் பொறுப்பாசிரியை ஜெயந்தி டீச்சர் பேச்சுக் கொடுத்தார். அவர் கணக்கு டீச்சர். யூடியூப் பார்த்து பேஸ்பால் கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். வெளுத்துப்போன ஸ்வெட்டரோடு தனியாக நின்று மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டி, அவள் பேர் மாரிச்செல்வி, இந்த டீமே அவள்தான் என்றார். நன்றாக அடிப்பாளா என்று கேட்டேன். ஒரு பந்துகூட உள்ளே அடித்ததில்லை என்றார்.

பிறகு விளக்கினார். இவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்துக்கும் தேயிலைச் சரிவுக்கும் நடுவில் ஒரு சந்து. பிள்ளைகளின் ரப்பர் பந்து கிரிக்கெட் அங்கேதான். முன்னால் அடித்தால் பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விடும். அட்டைக்கடி, கங்காணியின் வசவு, பந்தும் திரும்பாது. அதனால் சந்தின் சட்டம்: முன்னால் அடித்தால் அவுட். பின்னால் லயத்தின் சுவர். அதில் பட்டுப் பந்து திரும்பி வரும். எவள் பந்தை நைஸாகத் தொட்டுப் பின்னால் விடுகிறாளோ அவளே கெட்டிக்காரி. மாரிச்செல்வி நடக்கத் தொடங்கியதிலிருந்து அந்தச் சந்தில் ஆடியவள். பேஸ்பாலில் பின்னால் போவதெல்லாம் ஃபவுல். இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் அவள் தொட்டுத் தொட்டு வெளியே விடுவாள். பிட்சருக்குக் கை ஓய்ந்து, நான்கு பால் தப்பாக விழும். நான்கு பால் ஆனால் ஆடுகிறவள் முதல் பேஸுக்கு ஓட வேண்டாம், நடந்தே போகலாம். மூன்று பேஸையும் சுற்றி வீட்டுத்தட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். எல்லா ஆட்டத்திலும் அவள் நடந்துதான் போயிருக்கிறாள்.

நான் சிரித்தேன். அதோடு டீச்சர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவளுடைய அம்மா கொழுந்து கிள்ளுகிறவர், அந்த வருஷத்தோடு ஓய்வு. ஓய்வு பெற்றால் லயத்து அறையை எஸ்டேட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா இல்லை. மாநிலப் போட்டியில் ஆடினால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்காரர்கள் பார்ப்பார்கள். எடுத்துக்கொண்டால் படிப்பு, சாப்பாடு, படுக்க ஒரு கட்டில். வயது வரம்பால் அடுத்த வருஷம் அவள் ஆட முடியாது. இதையெல்லாம் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. முகத்துக்கும் மார்புக்கும் முழங்காலுக்கும் கவசம் தந்தவர்கள் அம்பயரின் காதுக்கு மட்டும் ஒன்றும் தரவில்லை. சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வலது காது அப்போதே சூடாக ஆரம்பித்துவிட்டது.

ஆட்டக் கதையை நீட்டப் போவதில்லை. கடைசி இன்னிங்ஸ், எஸ்டேட் டீம் ஒரு ரன் பின்னால், இரண்டு அவுட். மூன்று பேஸிலும் ஆள் நிற்க, மாரிச்செல்வி மட்டையோடு வந்தாள். மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் ஆயிற்று. இன்னொரு பால் விழுந்தால் அவள் நடப்பாள், அவள் நடந்தால் மூன்றாம் பேஸில் நிற்பவள் தள்ளுப்பட்டு உள்ளே வருவாள், ஆட்டம் சமம். இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் எல்லாம் முடிந்தது.

அவள் தொட ஆரம்பித்தாள். பந்து தன்னைத் தாண்டப் போகும் கடைசி நொடியில் மணிக்கட்டில் ஒரு திருப்பு. 'டிக்' என்று ஒரு சத்தம், பந்து எனக்குப் பின்னால் வலையில். நான் "ஃபவுல்" என்று கத்துவேன். அவள் திரும்பி வந்து நிற்பாள். மறுபடி 'டிக்'. மறுபடி கத்துவேன். ஒவ்வொரு முறையும் என் கட்டைவிரல் சக்கரத்தைத் தள்ளத் துடித்தது. தள்ளிவிட்டேனா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். முகமூடிக்குள் நான் கூப்பிடாத சாமியில்லை. மலையாளச் சாமிகளையும் விடவில்லை. அவர்களுக்கு பேஸ்பால் தெரியுமா என்ற சந்தேகம் வேறு.

ஏழோ எட்டோ போன பிறகு எங்கள் பாலக்காட்டு டீமின் பயிற்சியாளர் வேலுச்சாமி டைம் கேட்டு உள்ளே வந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர்.

"ஏனுங் மாஷே, இது வீசறதுங்களா? எங்கூட்டுல ஈ ஓட்டறதே இதவிட வேகமா ஓட்டுவாங்க. இது பன்ட்டுங்க. மூணாவது ஸ்ட்ரைக்கு. குடுத்துப்போடுங்க."

வீச்சுதான் என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. அவர் இன்னும் நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஒரே பஸ்ஸுலதானுங்க ஊருக்குப் போகோணும்" என்றார்.

நான் தங்கராஜ் சாரைப் பார்த்தேன். பார்த்தேன் என்ன, கும்பிட்டேன் என்றே சொல்லலாம். குடையை மடக்காமல் அப்படியே வந்தார். ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். சார், இது பன்ட்டா என்று கேட்டேன்.

"ரூலக் கேட்டா நான் சொல்லுதேன். கண்ணக் கேட்டா என்ட்ட இல்லவே. அங்க நின்னது நீரு. மட்டை நின்னுச்சா, போச்சா?"

இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம். மஞ்சுக்குள் மூன்று பக்கமும் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இடது முழங்காலுக்குத் தாளம் ஏறிவிட்டது, கவசம் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்சருக்கே கேட்டிருக்கும். கண்ணை மூடி அந்த மணிக்கட்டை நினைத்துப் பார்த்தேன். மட்டை நிற்கவில்லை. கொஞ்சம்தான், ஒரு சாண் இருக்குமோ என்னவோ, ஆனால் போயிற்று. அந்தப் பெண்ணின் அம்மாவுக்காகச் சொல்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. பஸ்ஸுக்குப் பயந்து மாற்றிச் சொல்லிவிடுவேனா என்றும் கேட்டேன். அதற்குப் பதிலாக வாயைத் திறந்தேன்.

"போச்சு சார். வீச்சு. ஃபவுல். கவுண்ட் மூணு, ரெண்டு" என்றேன். ஆட்டுக்குட்டி கத்தியது போல் இருந்தது. தங்கராஜ் சார் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். என் பணிக்காலத்தில் பயத்தின் கழுத்தில் காலை வைத்து நான் சொன்ன ஒரே தீர்ப்பு அது. சரியான தீர்ப்பு. இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

ஆனால் தோற்றுப்போன அந்த முறையீடுதான் ஜெயித்தது. பன்ட் என்ற வார்த்தை மைதானத்தில் விழுந்துவிட்டது. ஜெயந்தி டீச்சர் பதறிப்போய் பெஞ்சிலிருந்து எழுந்து, "மாரி, இனிமே தொடாத. தொட்டா அவுட் குடுத்துருவாங்க. நல்லா வீசு" என்று கத்தினார்.

மாரிச்செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், தொட்டா அவுட்டா?"

அம்பயர் ஆட்டக்காரிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கேட்டால் கவுண்ட் சொல்லலாம், அவ்வளவுதான். இதுவரை தொட்ட மாதிரியே தொடம்மா, நான் ஃபவுல்தான் கொடுப்பேன், அந்தப் பிள்ளையின் கை ஓய்ந்துவிட்டது, அடுத்ததோ அதற்கடுத்ததோ பாலாகத்தான் விழும் என்று தொண்டை வரை வந்தது. "கவுண்ட் மூணு, ரெண்டு" என்றேன்.

பிட்சர் மெதுவாக, நேரே, நடுவில் எறிந்தாள். கை ஓய்ந்தவளுக்கு அதற்குமேல் முடியவில்லை. இரண்டு அவுட், முழுக் கவுண்ட் என்பதால் பேஸில் நின்ற மூன்று பேரும் பந்து கையை விட்டதுமே ஓடத் தொடங்கிவிட்டார்கள். மாரிச்செல்வி வீசினாள். முழுசாக, தோளிலிருந்து. 'டிக்' இல்லை. வேறொரு சத்தம். பந்து தரையோடு தரையாக, பிட்சரைத் தாண்டி, கோடுகளுக்கு நடுவே நேராக முன்னால் போனது.

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். ஃபவுல் என்றால் பந்து செத்துவிட்டது. எல்லாரும் நிற்க வேண்டும், அதனால் அம்பயர் உரக்கக் கத்துவார். பந்து உள்ளே விழுந்தால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அப்போது அம்பயர் வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால் பாதிப் பேருக்கு ஃபவுல் என்று கேட்கும், நின்றுவிடுவார்கள். முகமூடியைக் கழற்றி, ஓர் எட்டு வெளியே வந்து, உள்பக்கம் கையை மட்டும் நீட்ட வேண்டும்.

கழற்றினேன். வந்தேன். நீட்டினேன்.

அவள் ஓடவில்லை. மட்டையைப் பிடித்தபடி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் அடித்துவிட்டவளின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பெஞ்சில் எல்லாரும் ஒரே குரலாகக் கத்தினார்கள், அந்த இரைச்சலில் வார்த்தை ஒன்றும் பிரியவில்லை. அவள் தன் ஆட்டங்களிலெல்லாம் அம்பயரின் குரலைக் கேட்டுத்தான் திரும்பி வந்து நின்றிருக்கிறாள். நான் கையை நீட்டியபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரத்தம் உப்புக் கரித்தது. இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் எங்கள் ஷார்ட்ஸ்டாப் பெண் பந்தைத் தவறவிட்டாள், காலால் எத்தினாள், மண்டியிட்டுத் தேடி எடுத்தாள். இரண்டு முறை ஓடிப்போய் வரலாம், அவ்வளவு நேரம் இருந்தது. மூன்றாம் பேஸ்காரி வீட்டுத்தட்டை மிதித்தாள். இரண்டாம் பேஸ்காரியும் மிதித்துவிட்டுக் குதித்தாள். அதற்குப் பிறகுதான் மாரிச்செல்விக்கு ஏதோ புரிந்து மட்டையைப் போட்டாள். நாலு எட்டு வைத்திருப்பாள், அவளுக்கு முன்னே பந்து முதல் பேஸுக்குப் போய்விட்டது, அவள் அவுட். அடித்தவள் முதல் பேஸுக்கு வருமுன் மூன்றாவது அவுட் விழுந்தால் உள்ளே வந்த ரன் எதுவும் செல்லாது. நடந்திருந்தால் சமம். ஓடியிருந்தால் வெற்றி.

ஸ்கோரர் புத்தகத்தில் 6-3 என்று எழுதினார். ஷார்ட்ஸ்டாப் எறிந்து முதல் பேஸில் அவுட் என்று அர்த்தம். அதற்கு மேலே, எண்ணப்படாத ஃபவுல்களுக்காக ஒரு வரிசைப் புள்ளிகள். தங்கராஜ் சார் போகும் வழியில் என் பக்கத்தில் நின்று, "கை சரியாக் காட்டினீரு" என்றார். பாராட்டுதான். அவரிடமிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு. மறுநாள் பஸ்ஸில் வேலுச்சாமி பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். ஜெயித்த பேச்சை எடுக்கவே இல்லை. நேரியமங்கலம் தாண்டி, "பாவமுங்க அந்தப் புள்ள" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வருஷக் கடைசியில் லயத்து அறையைக் காலி செய்து, அம்மாவும் மகளும் போடிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாக ஜெயந்தி டீச்சர் போனில் சொன்னார். பள்ளிக்கூடம் போகிறாளா என்று நான் கேட்கவில்லை. டீச்சரும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்த அன்று, மைதானம் காலியான பிறகு நான் முழங்கால் கவசத்தை அவிழ்க்க முடியாமல் வார்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மாரிச்செல்வி வந்து குனிந்து, ஒரு வாரைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிட்டாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது, ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"சார், மத்த பந்துக்கெல்லாம் கத்துனீங்கள்ல. கடைசிப் பந்துக்கு ஏன் சார் ஒண்ணுமே சொல்லல?"

"உள்ள விழுந்த பந்துக்குச் சொல்லக் கூடாதும்மா. கையத்தான் காட்டணும். காட்டினேன்."

அவள் அடுத்த வாரையும் அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப நான் உள்ள அடிச்சது செல்லுமா சார்?"

செல்லும் என்றேன்.